வெற்றிலைப் பெட்டியில் கிடந்த செம்புக் காசு: யார் அடித்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மயிலாடுதுறைப் பக்கம் அத்தை வீட்டில் ஒட்டடை அடித்தபோது, பரணிலிருந்து ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி இறங்கியது. பாக்குவெட்டி, சுண்ணாம்பு காய்ந்துபோன டப்பி, அடியில் ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள் நான்கு காசு. பெரிதாக ஒன்று, சுண்டைக்காய் பருமனுக்கு ஒன்று, தேய்ந்த தகடு போல ஒன்று, ராமர் பட்டாபிஷேகப் படம் போட்டுப் பளிச்சென்று ஒன்று.

"இந்த ராமர் காசு பத்து லட்சம் போகுமாம்டா. மாமா போன்லயே விசாரிச்சுட்டார்" என்றார் அத்தை.

மற்ற மூன்றும் செல்லாக் காசு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு அப்படியே தலைகீழ் என்பதைச் சொல்ல எனக்கு அரை நாள் பிடித்தது. அந்த அரை நாளில் செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டு முடிச்சில் இருப்பது வேறு காசாக இருந்தாலும் வழி இதுதான்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காசைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். பாதி தேய்ந்த எழுத்து கண்ணை ஏமாற்றும். எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதுவே தெரியும். எடை, அளவு, செய்த விதம் இந்த மூன்றும் ஏமாற்றாது. முதலில் அவை, அப்புறம் எழுத்து. விலையைப் பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

தேய்க்காதீர்கள்

பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. இரண்டு மாதத்தில் சாம்பல் பூத்தது போல மங்கியது. மேலிருந்த ஆண்டு எண் புளியோடு போயே போய்விட்டது. அதன் ஆண்டு இன்றுவரை எனக்குத் தெரியாது.

செம்பின் மேல் காலப்போக்கில் படியும் கரும்பழுப்புப் படலம் அழுக்கு அல்ல, காசின் தோல். எழுத்தின் மேடுபள்ளம் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கிறது. புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அந்தத் தண்ணீர் போதும். பிறகு ஈர்க்குச்சி நுனியால் எழுத்தின் இடுக்கில் உள்ள மண்ணை மட்டும் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். ஊசி, குண்டூசி பக்கமே போகாதீர்கள்.

களிம்பில் இரண்டு வகை உண்டு. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக ஒட்டியிருப்பது சாது. தொட்டால் மாவு போல உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் நோய். உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்து அரிக்கிறது என்று அர்த்தம். நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கடற்கரையில் பொறுக்கிய காசுகளில் இது சகஜம். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, உலர்த்தும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் இருந்தால்தான் அந்த அரிப்பு நடக்கும்.

எடை, அளவு, செய்த விதம்

நகைக்கடைத் தராசு போலச் சின்னதாக, 0.01 கிராம்வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான். மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேலும், தையற்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் கருவி முடிந்தது.

அத்தையின் பெரிய காசு: 9.1 கிராம், குறுக்களவு கிட்டத்தட்ட 31 மில்லிமீட்டர். சுண்டைக்காய்: 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அகலம் 15 மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் நல்ல கனம். தகடு: 3 கிராம், 21 மில்லிமீட்டர். ராமர் காசு: 11.6 கிராம்.

தேய்ந்த காசு எடை குறைந்திருக்கும், கூடியிருக்காது. நாணயப் பட்டியல்களில் உள்ள எடையைவிட உங்கள் காசு பத்து சதவீதம் குறைந்தால் பரவாயில்லை. பத்து சதவீதம் கூடினால் அது வேறு காசு, அல்லது போலி.

அடுத்து, விளிம்பைப் பாருங்கள். முழு வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே கனமாக, முத்திரை நடுவில் சரியாக விழுந்திருந்தால் அது இயந்திரத்தில் அடித்தது. கோணலாக, ஒரு பக்கம் பிதுங்கி, முத்திரையில் பாதி காசுக்கு வெளியே போயிருந்தால் சுத்தியலால் அடித்தது. சென்னை மாகாணத்துக்கான கம்பெனிச் செம்புக் காசில் நீராவி இயந்திரம் நுழைவது 1794-ல். பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ ஆலையில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். ஒரு ரூபாய்க்கு 48, ஒரு ரூபாய்க்கு 96 என்று காசின் மேலேயே ஆங்கிலத்தில் போட்டிருக்கும் அந்தக் காசுகள் வட சர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பகுதிக்குப் போனவை. ஆக ஆங்கிலக் கம்பெனியின் இயந்திரக் காசு என்றாலே நம் ஊரைப் பொறுத்தவரை 18-ம் நூற்றாண்டின் கடைசிக்குப் பிந்தையது. சுத்தியல் காசு முந்தையதாகவும் இருக்கலாம், பிந்தையதாகவும் இருக்கலாம். காசடிக்கும் உள்ளூர் அக்கசாலைகள் சட்டென்று கடையை மூடிவிடவில்லை.

உலோகத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக இறக்குங்கள். டம்ளரின் அடியையோ சுவரையோ தொடக் கூடாது. தராசு இப்போது காட்டும் எண்தான் காசின் கன அளவு. காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். அத்தையின் பெரிய காசுக்குத் தராசு 1.03 காட்டியது. 9.1-ஐ 1.03-ஆல் வகுத்தால் 8.8. சுத்தச் செம்பு 8.9-ஐ ஒட்டி வரும், ஈயம் 11.3, பித்தளை பெரும்பாலும் 8.4 முதல் 8.7 வரை. ராமர் காசு 8.4-ல் நின்றது. அப்போதே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாய்ந்த வெளிச்சம்

நேர் வெளிச்சத்தில் தேய்ந்த காசு வெறும் வட்டம். அறையை இருட்டாக்கிவிட்டு, செல்போன் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். காசை மெல்லச் சுழற்றுங்கள். சில கோணங்களில் எழுத்து சட்டென்று எழுந்து நிற்கும். அந்தக் கோணத்தில் இன்னொருவர் போட்டோ எடுக்க வேண்டும். நான்கு திசை வெளிச்சத்தில் நான்கு படம், இரண்டு பக்கத்துக்கும் எட்டு.

போட்டோவிலும் பிடிபடாததற்குச் சின்ன வயது வித்தை கைகொடுக்கும். மெல்லிய வெள்ளைத் தாளைக் காசின் மேல் விரித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. சுண்டைக்காய்க் காசின் முதல் எழுத்து எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

எந்தப் பக்கம் மேலே? எந்த மொழி?

சுண்டைக்காயின் ஒரு பக்கம் சூலம் என்றார் அத்தை. மூன்று கிளை, நடுவில் ஒரு பட்டை. காசைத் திருப்பிப் பிடித்தால் நங்கூரம் போலவும் இருந்தது. மறுபக்கம் கோடும் சுழியும். நான் அதை முதலில் பாரசீகம் என்று நினைத்து ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன். பென்சில் படியைத் தலைகீழாகத் திருப்பியதும் "பு" தெரிந்தது. அதன் பக்கத்தில் "து". தமிழ்!

தமிழ்நாட்டில் கிடைக்கும் காலனிக் காசுகளில் எழுத்தைத் தேடும்போது நாலைந்து மொழிகளை மனதில் வைத்திருங்கள்: தமிழ், தெலுங்கு, பாரசீகம், ரோமன் எழுத்து, மைசூர்ப் பக்கக் காசானால் கன்னடம். பழைய தமிழ்க் காசுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். இடம் போதாமல் ஒரே சொல்லை இரண்டு மூன்று வரியாக உடைத்திருப்பார்கள். ஆகவே முழுச் சொல்லையும் தேடாதீர்கள். ஒரு எழுத்து உறுதியானால் போதும், அதிலிருந்து ஊர்ப் பெயரை ஊகித்துச் சரிபார்க்கலாம்.

அந்தச் "சூலம்" பிரெஞ்சு அரசர்களின் லில்லிப் பூ. மறுபக்கம் "புதுச்சேரி". பிரெஞ்சுக் கம்பெனியும் பின்னால் பிரெஞ்சு அரசும் புதுச்சேரிக்காக அடித்த செம்புத் துட்டு இது. பிரெஞ்சுக்காரர்கள் 'தூதூ' என்பார்கள். ஆண்டு எண் கிடையாது. 18-ம் நூற்றாண்டு முழுக்கவும் அதற்கப்புறமும் ஒரே மாதிரி அடித்ததால், ஒரு துட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்ன ஆண்டு என்று சொல்ல வழியில்லை. 1830-களில் பூ போய்ச் சேவல் வந்தது. உங்கள் துட்டில் சேவல் நின்றால் காலம் பளிச்சென்று கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் தமிழ் எழுத்தாகவே இருந்தால் ஒரு பக்கம் "காரைக்கால்" என்று இருக்கிறதா பாருங்கள். 1739-ல் பிரெஞ்சு வசமான காரைக்காலுக்குத் தனிக் காசு உண்டு.

துட்டு என்ற சொல்லே நமக்கு டச்சுக்காரர்கள் கொடுத்தது. அவர்கள் செம்புக் காசின் பெயர் 'டாயிட்'. பதிலுக்கு நம் 'காசு' ஆங்கிலத்துக்குப் போய் இந்தியச் சில்லறைக்கு 'கேஷ்' என்று பெயராக உட்கார்ந்தது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது.

யார் முத்திரை?

காவிரிக் கழிமுகத்தில் ஐம்பது கிலோமீட்டர் கடற்கரைக்குள் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்தன. நாகப்பட்டினத்தில் டச்சு, காரைக்காலில் பிரெஞ்சு, தரங்கம்பாடியில் டேனிஷ். இவர்களைச் சுற்றித் தஞ்சை மராட்டியர், ஆற்காட்டு நவாபு, வடக்கே சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயர். ஒரு கிராமத்துச் சந்தையில் இத்தனை பேர் காசும் புரண்டிருக்கும். ஆகவே எங்கே கிடைத்தது என்பது ஒரு துப்புதான், அத்தாட்சி அல்ல.

*டச்சு.* அத்தையின் மூன்றாவது காசு, அந்தத் தகடு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த கேடயத்துக்குள் சிங்கம். மறுபக்கம் ஒரு பெரிய "வி", அதன் இரண்டு கால்களிலும் கோத்தபடி ஒரு "ஓ", ஒரு "சி", கீழே ஆண்டு. அத்தை பேரன் எட்டிப் பார்த்து, "வ.உ.சி. காசா?" என்றான். தூத்துக்குடியிலும் டச்சுக்காரர்கள் இருந்தார்கள், வ.உ.சி.யின் கப்பலும் அங்கிருந்துதான் கிளம்பியது. பையனைக் குறை சொல்ல முடியாது. 1602-ல் தொடங்கி 1799 முடிவில் கலைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை.

இந்தக் காசில் ரசமான பகுதி சிங்கம். கம்பெனிக்காக நெதர்லாந்தின் பல மாகாணங்கள் தனித்தனியே காசு அடித்தன. எந்த மாகாணம் என்பதைச் சிங்கம் சொல்லும். ஒற்றைச் சிங்கம் பின்னங்காலில் நின்றால் ஹாலந்து. அலைகளுக்கு நடுவிலிருந்து பாதி உடம்பு மட்டும் எழும்பினால் சீலாந்து. இரண்டு சிங்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நடந்து போனால் மேற்கு ஃப்ரீஸ்லாந்து. கேடயத்துக்கு வெளியே இரு பக்கமும் சிங்கங்கள் தாங்கிப் பிடித்திருந்தால் உட்ரெக்ட். கேடயத்துக்குள்ளேயே இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தால் கெல்டர்லாந்து. எங்கள் தகட்டில் சிங்கத்தின் இடுப்புக்குக் கீழே அலைக்கோடு தெரிந்தது. சீலாந்து. ஆண்டின் முதல் இரண்டு எண் 17, மீதி தேய்ந்துவிட்டது. இந்த வகைக் காசு 1726-ல் தொடங்குவதால், அதற்கும் 18-ம் நூற்றாண்டின் கடைசிக்கும் இடையில் என்று எழுதிவைத்தேன். தெரியாத இரண்டு எண்ணை இழுத்துப்பிடித்துப் படிக்கவில்லை.

கம்பெனி முத்திரைக்கு மேலே தனியாக ஒரு எழுத்து நின்று, கூடவே 'ஸ்டைவர்' என்ற டச்சு நாணயக் கணக்கில் மதிப்பும் இருந்தால் காசு இலங்கையில் அடித்தது. "சி" கொழும்பு, "ஜி" காலி, "டி" திருகோணமலை, "ஐ" போலத் தெரிவது யாழ்ப்பாணம். சேது தாண்டி வந்த இவை ராமநாதபுரம், நாகை வீடுகளில் தென்படும். காசில் யானை நின்று, "சிலோன்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது டச்சுக்காரருக்கு அப்புறம் வந்த ஆங்கிலேயரின் இலங்கைக் காசு, 19-ம் நூற்றாண்டின் தொடக்கம். 1870 முதல் வந்த இலங்கைச் சதக் காசில் விக்டோரியா தலைக்குப் பின்பக்கம் ஒரு மரமும், சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இந்த வழிகாட்டியே தேவையில்லை.

*டேனிஷ்.* கிரீடத்துக்குக் கீழே அரசரின் முதலெழுத்து. "சி"க்குள் 7 நுழைந்திருந்தால் ஏழாம் கிறிஸ்தியான் (1766–1808). "எஃப்", "ஆர்" பின்னி, ரோமன் ஆறு இருந்தால் ஆறாம் ஃப்ரெடரிக் (1808–1839). "சி", "ஆர்", ரோமன் எட்டு என்றால் எட்டாம் கிறிஸ்தியான், தரங்கம்பாடியின் கடைசி டேனிஷ் அரசர். மறுபக்கம் ரோமன் எண்ணில் நான்கு அல்லது பத்து, பக்கத்தில் "காஸ்" என்று நம் சொல்லே டேனிஷ் எழுத்துக்கூட்டில் இருக்கும். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி வந்தவர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிந்திய ஆண்டு போட்ட தரங்கம்பாடிக் காசை யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். டேனிஷ்காரர்களின் 17-ம் நூற்றாண்டுக் காசுகள் பல ஈயத்தில் செய்தவை. மங்கிய சாம்பல் நிறத்தில், அளவுக்கு மீறிய கனத்தில் ஒரு துண்டு கிடைத்தால் தூக்கிப் போடாமல் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள்.

*ஆங்கிலக் கம்பெனி.* இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஒரே சின்னத்தைப் பல ஊர்க் காசிலும் போட்டார்கள். பழைய அடையாளம் ஒரு இதயம், உள்ளே பெருக்கல் குறியால் நான்கு அறை, அறைக்கொரு எழுத்தாக "வி, ஈ, ஐ, சி", உச்சியில் 4 போன்ற ஒரு கொம்பு. சரக்கு மூட்டையில் குத்திய வணிகக் குறி இது. இங்கே "வி"யை "யு" என்று படிக்க வேண்டும். 'ஒன்றிணைந்த' கிழக்கிந்தியக் கம்பெனி. டச்சுக்காரரின் "வி"யும் இதுவும் குழம்புவது அதனால்தான். இதயம் இருந்தால் ஆங்கிலேயர், இல்லாமல் மூன்றெழுத்துப் பின்னல் மட்டும் என்றால் டச்சு.

பின்னால் வந்த சின்னம், சிலுவைக் கோடு போட்ட கேடயமும் இரண்டு பக்கமும் கொடி பிடித்த சிங்கங்களும். இதைப் பார்த்ததும் "சென்னைக் காசு" என்று முடிவு கட்டாதீர்கள், திருப்புங்கள். மறுபக்கம் தராசும் தட்டுகளுக்கு இடையே 'அதல்' என்ற நீதிச் சொல்லும் இருந்தால் பம்பாய். மலாய் மொழியில் அரபு எழுத்து இருந்தால் சுமத்ரா. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரோடு 1821 இருந்தால் எங்கோ அட்லாண்டிக் நடுவிலிருக்கும் செயின்ட் ஹெலினா. பாரசீக வரிகளுக்குக் கீழே ரோமன் எண்ணோடு "கேஷ்" இருந்தால்தான் நம் சென்னை மாகாணம்.

அத்தையின் பெரிய காசில் இரண்டு பெருக்கல் குறி, அதாவது ரோமன் எண்ணில் இருபது, தெளிவாக இருந்தது. இருபது காசு. மேலே உள்ள பாரசீகம் "பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்": இருபது காசு நான்கு ஃபலூஸ் (செம்புச் சில்லறை). சின்னம் உள்ள பக்கத்தின் அடியில் 18, அப்புறம் பூஜ்ஜியம், கடைசி எண் அரைகுறை. இந்த வகை 1803-லும் 1808-லும் வந்தது, இரண்டும் சோஹோ ஆலைதான். சாய்ந்த வெளிச்சத்தில் கடைசி எண்ணின் இடப்பக்கம் திறந்திருந்தது. 8 என்றால் மூடியிருக்கும். ஆகவே 1803. எடை சுமார் 9.3 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 9.1. இருநூறு ஆண்டுத் தேய்மானத்துக்கு இது ரொம்பக் குறைவுதான்.

1808 காசாக இருந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அந்தச் சரக்கை அள்ளி எடுத்து உலகச் சந்தையில் விட்டார்கள். சென்னைக்காக அடித்தும் சென்னையைப் பார்க்காத காசுகள் அவை. கையில் புழங்கிய தேய்மானம் இல்லாமல் உப்பரிப்பு மட்டும் உள்ள 1808 காசு பெரும்பாலும் அந்தக் கப்பலுடையது.

இந்த இருபது காசு நான்கு சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் நட்சத்திர வராகன் என்ற பொற்காசு ஒன்று. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-ல் வராகனை ஒதுக்கிவிட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறினார்கள். 1835-ல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே நாணயம் வந்தது. இலை வளையத்துக்குள் "ஒன் குவார்ட்டர் அணா" என்று இருக்கும் காலணா, 6.48 கிராம், அந்தக் காலத்தது. அரையணா அதன் இரட்டை எடை. அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான தம்பிடி 2.16 கிராம். "ஒரு தம்பிடி பெயராது" என்று தாத்தாக்கள் சொன்னது இதை வைத்துத்தான். கம்பெனிப் பெயரோடு வந்த கடைசி ஆண்டு 1858. 1862 முதல் விக்டோரியா தலை. 1877-க்கு முன் 'குவீன்', பின் 'எம்ப்ரஸ்'. 1906-ல் செம்பு போய் வெண்கலமானது, எடையும் குறைந்தது. இவை லட்சக்கணக்கில் கிடைக்கின்றன. கண்டுபிடிப்பதில் சிரமமும் இல்லை, சுவாரசியமும் இல்லை.

*இவர்களில் யாரும் இல்லை என்றால்* காசு சமஸ்தானத்துடையதாக இருக்கலாம். உட்கார்ந்த அம்மனும் மறுபக்கம் தெலுங்கில் "விஜய"வும் உள்ள குட்டிக் காசு புதுக்கோட்டை அம்மன் காசு. சங்கு இருந்தால் திருவிதாங்கூர். யானையோ யாளியோ நின்று கன்னடத்தில் 'மயிலி காசு' என்றிருந்தால் மைசூர்.

ஆண்டைப் படிப்பது

எல்லா ஆண்டும் ஆங்கில ஆண்டு அல்ல. பாரசீக எண்கள் இருந்தால் பெரும்பாலும் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு. எண்களை அடையாளம் காண ஒரு குறுக்குவழி: புள்ளி பூஜ்ஜியம், நேர்க்கோடு 1, ஆங்கில "வி" போன்றது 7, அதைக் கவிழ்த்தால் 8, கவிழ்த்த இதயம் போல இருப்பது 5. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள். பம்பாய்த் தராசுக் காசில் வரும் 1219-க்கு இப்படிச் செய்தால் 1804 வரும். அந்தக் காசின் மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் இருப்பதும் 1804-தான். உங்கள் கணக்கைச் சோதித்துப் பார்க்க நல்ல காசு. திருவிதாங்கூர்க் காசில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825 கூட்டுங்கள்.

ராமர் காசு

மாலையில் மாமாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் "ஈஸ்ட் இந்தியா கம்பெனி", "ஹாஃப் அணா", 1818. இதே சரக்கு 1616, 1717, 1839 என்ற ஆண்டுகளோடும், அனுமன் மட்டும், லட்சுமி மட்டும், ஓம் மட்டும் என்று பல வேடங்களிலும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. கம்பெனி தன் காசில் இந்தச் சாமி படங்களைப் போட்டதும் இல்லை, 1818 என்று ஆண்டு போட்ட அரையணா அடித்ததும் இல்லை. 1616 இன்னும் வேடிக்கை. சென்னையில் கம்பெனிக்கு இடம் கிடைத்ததே 1639-ல்தான். கோயில் வாசல்களில் வழிபாட்டுக்காக விற்ற ராம டங்கா என்ற சாமிக் காசுகளைப் பார்த்து யாரோ பிற்காலத்தில் கம்பெனிப் பெயரையும் சேர்த்து வார்த்துவிட்டார்கள்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் வார்ப்பு தெரியும். அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூராக எழும்பும், தளம் வழவழப்பாக இருக்கும். வார்த்த காசில் எழுத்து சோப்புக் கட்டியில் எழுதியது போல உருண்டிருக்கும், தளத்தில் ஊசிக்குத்து போன்ற காற்றுக் குழிகள், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடம். எங்கள் ராமர் காசில் மூன்றும் இருந்தன. பித்தளை என்பதைத் தண்ணீர் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

மாமாவிடம் பேசிய ஆள், "பதிவுக் கட்டணம்" என்று முதலில் ஒரு தொகையை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பவில்லை, நல்ல வேளை. பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, இதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வாங்குகிறவன் விற்கிறவனிடம் பணம் கேட்டால் அங்கேயே போனை வையுங்கள்.

முடிவைச் சரிபார்ப்பது

கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றியதும் உங்கள் முடிவை உடைக்கப் பாருங்கள். நுமிஸ்டா போன்ற இணையப் பட்டியலில் அந்த வகையைத் திறந்து எடை, அளவு, இரண்டு பக்கத்துப் படம், ஆண்டு நான்கையும் ஒப்பிடுங்கள். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால், பொருந்தாத அந்த ஒன்றைத்தான் நம்ப வேண்டும். படத்தில் உள்ளதும் கையில் உள்ளதும் "ஏறக்குறைய" ஒன்று என்பது போதாது. சுத்தியல் காசுகளுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். அங்கே ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஒரு மதியம் நின்று பார்த்தால், திரையில் நூறு படம் பார்த்ததைவிடக் கண் பழகும்.

விலை? தேய்ந்த டச்சுத் துட்டும் காலணாவும் கண்காட்சிகளில் நூறு, இருநூறு என்று குவியலாகக் கிடக்கும். அத்தையின் நான்கில் தேடி வாங்கும் ஆள் இருப்பது அந்தச் சுண்டைக்காய்க்கு. அதற்கும் லட்சம் எல்லாம் கிடையாது. பரணில் கிடைத்தது வேறு, மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது வேறு. புதையலாகப் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறு ஆண்டு தாண்டிய காசை வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவதற்கு 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது.

கடைசி வேலை, எழுதிவைப்பது. அமிலமில்லாத காகித உறை ஒன்றில் ஒரு காசு. பிளாஸ்டிக்கில் மெத்தென்று வளைகிற வகை வேண்டாம், அதிலிருந்து கசியும் பசை செம்பைப் பச்சையாக்கும். உறையின் மேல் பென்சிலால் எடை, அளவு, கண்ட எழுத்து, உறுதியானது எது, ஊகம் எது, எங்கே கிடைத்தது.

"எங்கே கிடைத்தது" என்ற இடத்தில் "அத்தை வீட்டுப் பரண்" என்று எழுதப் போனேன். அத்தை தடுத்தார்.

"எங்க மாமியார் பெட்டின்னு எழுது. காரைக்கால் பொண்ணு. கல்யாணத்துக்கு வரும்போது கையோட கொண்டுவந்த பெட்டி."

சுண்டைக்காயை மறுபடி வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பூவும் புதுச்சேரியும்தான், காரைக்கால் இல்லை. ஆனாலும் அத்தை சொன்னதை அப்படியே உறையில் எழுதினேன். ராமர் காசை மாமா பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டார்.